மழைக்காலத்து நச்சுச் சிலந்திகள்

தோற்றுவாய்

மழை மிகுந்த காலத்தில் மண்ணுள் வாழும் உயிர்கள் மனையுள் வாழ வருகின்றன. வளைகளில் நீர் நிறைதலும், புதர்கள் நனைந்து குளிர்தலும், இரையாகும் பூச்சியினங்கள் விளக்கொளியை நாடி வீடுகளிற் கூடுதலும் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்களாம். தேள், பூரான், பாம்பு என்பவற்றோடு சிலந்தியும் அவ்வாறு வருவதொன்று.

கல்வராயன் மலையடிவாரத்திலே, கோமுகி அணைக்கு அணித்தாக அமைந்துள்ள கச்சிராயபாளையம் எம்மூராகும். ஒருபுறம் மலைக்காடு, ஒருபுறம் அணைநீர் பாயும் நெல்வயல், ஒருபுறம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பு விளையுங் கழனி. இம்மூவகை நிலமும் சிலந்திகட்கு ஏற்ற இருப்பிடங்களாதலின், ஆடி தொடங்கிக் கார்த்திகை ஈறாக, “எட்டுக்காற்பூச்சி கடித்துவிட்டது” என்னுஞ் சொல் எம்மவர் வாயில் அடிக்கடி வருவதுண்டு. கடித்ததைக் கண்டவர் சிலரே. கடித்ததாகக் கருதுவோர் பலர்.

இச்சொல்லை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எவ்வெச் சிலந்திகள் உண்மையாகவே அஞ்சத்தக்கன? எவை வீணே பழிக்கப்படுவன? பிறிதொன்று செய்த தீங்கு எவ்வாறு சிலந்தியின்மேல் ஏற்றப்படுகின்றது? இவ்வினாக்கட்கு விடை தெரிந்திருத்தல் வெறும் பொழுதுபோக்கன்று. ஒரோவழி அஃது உயிர்காக்கும் அறிவாம் என்பது பின்னர்ப் பெறப்படும்.

பெயரும் பழங்கருத்தும்

சிலந்திக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் சிலம்பி என்பதாம். திருவானைக்காவில் இறைவற்கு நூலால் மேற்கட்டி இழைத்த சிலந்தியொன்று மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததென்பது பெரியபுராணத்துட் காணும் வரலாறு. இவ்வாறு சிலந்தியைத் தொண்டுக்கும் தொழிற்றிறனுக்கும் எடுத்துக்காட்டாகப் போற்றிய நம் மொழியே, அதன் பெயரை ஒரு நோய்க்கும் வைத்துளது. சிலந்தி என்னுஞ் சொற்குக் கட்டி, புண் என்னும் பொருளும் அகராதிகளில் உண்டு. உடம்பிற் காரணந் தெரியாது எழும் புண்ணைச் சிலந்தியோடு தொடர்புறுத்தும் வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதற்கு இச்சொல்லே சான்று.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் லூதை என்னும் பெயராற் சிலந்தியின் 16 வகைகளை விரித்து, அவற்றின் பற்களேயன்றி உமிழ்நீர், நகம், சிறுநீர் முதலியனவும் நஞ்சுடையன என்று கூறுகின்றது. “எட்டுக்காற்பூச்சி சிறுநீர் பட்டுக் கொப்புளம் எழுந்தது” என நம் ஊர்களில் இன்றும் கூறுவது இப்பழங் கொள்கையோடு ஒத்திருத்தல் காண்க. இக்கால உயிர்நூலார் இதனை ஒப்புவதில்லை. சிலந்தியின் நஞ்சு அதன் கடியால் மட்டுமே நம் உடலுட் புகும் என்பது அவர்தம் துணிபு.

உறுப்பும் நஞ்சும்

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று கூறுபடும். சிலந்தியின் உடலோ தலையும் மார்பும் ஒன்றிய முற்கூறும், வயிறாகிய பிற்கூறும் என இரண்டே கூறுபடும். சிறகும் உணர்கொம்பும் அதற்கில்லை. தேள், உண்ணி, சிற்றுண்ணி என்பன அதன் நெருங்கிய உறவினம்.

உலகிற் பெயரிடப்பட்ட சிலந்தி வகைகளின் தொகை 2022 ஆம் ஆண்டில் 50,000-ஐக் கடந்தது. அவற்றுள் நம் நாட்டிற் காணப்படுவன 1,900க்கு மேற்பட்டன. ஒரு சில குடும்பங்கள் ஒழிய, இவை யாவும் நஞ்சுடையனவே. அங்ஙனமாயின் நாம் அஞ்ச வேண்டுவன யாவும் அத்துணைப் பலவோ எனின், அல்ல. சிலந்தியின் நஞ்சு சிறு பூச்சிகளைச் செயலறச் செய்தற்கு அமைந்தது. பெரும்பாலன நம் தோலைத் துளைக்கும் பல்வலி இல்லாதன. துளைப்பனவும் எறும்புக்கடி, குளவிக்கொட்டு அளவான நோவே தருவன. மனிதனுக்குப் பெருந்துன்பம் விளைக்கத்தக்கன விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களே.

நஞ்சின் செயலும் இருவகைத்து. ஒன்று நரம்பைத் தாக்குவது. தசையிழுப்பும் வியர்வையும் வலியும் அதன் அடையாளம். மற்றொன்று கடித்த இடத்துத் தசையை அழிப்பது. ஆறாப் புண் அதன் அடையாளம். முன்னதற்கு எடுத்துக்காட்டு லாட்ரொடெக்டஸ் என்னும் இனம். பின்னதற்கு எடுத்துக்காட்டு லொக்சாசிலீஸ் என்னும் இனம். இனி நம் பக்கத்தில் அறியத்தக்கவற்றை முறையே கூறுவாம்.

மரப்பொந்துப் பெருஞ்சிலந்தி

நம் நாட்டுச் சிலந்திகளுள் உருவாலும் நிறத்தாலும் சிறந்தது, பொசிலோதீரியா என்னும் பெயருடைய மரச்சிலந்தி. இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி இவ்வினம் வேறு எந்நாட்டிலும் இயல்பாக வாழ்வதில்லை. காலை விரித்து அளந்தால் ஏறத்தாழ ஒரு சாண் இருக்கும். உடல் தட்டையானது, ஆதலின் புளி முதலிய முதுமரங்களின் பொந்துகளிலும், வெடித்த பட்டையின் கீழும் பகலெல்லாம் பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து இரைதேடும். சாம்பலும் வெண்மையும் கலந்த அதன் மேனி மரப்பட்டையோடு ஒன்றித் தோன்றும். சினந்தாலோ, முன்னங்கால்களை உயரத் தூக்கி, அவற்றின் கீழுள்ள மஞ்சள் நிறத்தைக் காட்டும். அம்மஞ்சளைக் கண்டவர் பின்வாங்குதலே அறிவுடைமை. அதன் ஓட்டம் கண்ணிமைக்கும் அளவினது.

இவ்வினத்துப் பலவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிசாலையிற் பணியாற்றிய ரெஜினால்டு இன்னஸ் போக்கொக் என்னும் அறிஞர். 1899 ஆம் ஆண்டில் அவர் அரக்கோணத்திற் கிடைத்த ஒன்றை ரீகாலிஸ் எனவும், சேலம் பகுதிக் காடையாம்பட்டியிற் கிடைத்த ஒன்றை பார்மோசா எனவும், ஆந்திரத்துக் கூட்டியில் இருப்புப்பாதை மரக்கிடங்கிற் கிடைத்த நீலநிறத்ததை மெட்டாலிக்கா எனவும் பெயரிட்டார். இலங்கையின் வடபகுதியில் 2009 ஆம் ஆண்டில் ஊரவர் அடித்துக் கொன்ற ஒன்றைக் கண்டு தேடத் தொடங்கிய ஆராய்ச்சியாளர், 2012 ஆம் ஆண்டில் மற்றொரு புதுவகையை வெளியிட்டனர். அடிபட்டு இறந்த உயிரொன்று அறிவுலகிற்குப் புதிதாயிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

காடையாம்பட்டி சேர்வராயன் மலைப்பக்கத்தது. சேர்வராயனும் கல்வராயனும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் அண்டைக் குன்றங்கள். ஆதலின் எம் மலையிற் புளி உலுக்குவோரும், கடுக்காய் பொறுக்குவோரும், பட்ட மரம் வெட்டுவோரும் பொந்தினுட் கையை நுழைக்குமுன் ஒரு கோலால் தட்டிப் பார்த்தல் தக்கது.

இது கடித்தால் முதலில் வலியும் வீக்கமும் தோன்றும். சில மணி நேரங் கழித்தோ மறுநாளிலோ தசைகள் முறுக்கிப் பிடித்திழுக்கும். சிலர்க்கு அவ்விழுப்பு ஒழிந்தொழிந்து பல நாள் நீடிக்கும். ஆயினும் இக்கடியால் ஒருவரேனும் இறந்தார் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் உறுதியான சான்று இல்லை.

தரைவளைச் சிலந்தி

மரத்தில் வாழ்வதன் சுற்றத்தனவாகிய வேறு சில பெருஞ்சிலந்திகள் தரையில் வளைதோண்டி, அதன் வாயிலை நூலாற் பொதிந்து வாழ்கின்றன. மழை பெய்து மண் நெகிழ்ந்த காலத்தில் ஆண்கள் பெண்ணைத் தேடிப் புறப்பட்டு அலைவதாலும், வளையில் நீர் புகுதலாலும் இவை வழிகளிலும் வாயில்களிலும் காணப்படும்.

இவற்றைப் பற்றிய அச்சம் எத்துணைப் பெருந்தீங்கு செய்யும் என்பதற்கு அசாம் நாட்டில் 2012 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததே சான்று. அவ்வாண்டு மழைத் தொடக்கத்தில், தின்சுகியா மாவட்டத்துச் சதியா என்னும் ஊரில் பெருஞ்சிலந்திகள் மக்களைக் கடித்தன என்றும், இருவர் இறந்தனர் என்றும் செய்தி பரவிற்று. கடியுண்டார் பலர் முதலில் நாடியது மந்திரவாதிகளை. அவர்கள் கடிவாயைக் கத்தியாற் கீறிக் குருதியை வடித்தனர். இறந்தவருடல் ஆராயப்படாமலே எரிக்கப்பட்டமையின், அவர்களைக் கொன்றது சிலந்தியின் நஞ்சோ, கீறிய கத்தியால் நேர்ந்த கேடோ என்பது துணியப்படவில்லை. கடியினும் மருத்துவமே கொடிதாதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

கருஞ்சிலந்தி இனம்

உருவிற் சிறிதாயினும் நஞ்சிற் பெரியது லாட்ரொடெக்டஸ் என்னும் இனம். இதன் பெண்ணுடல் ஒரு பட்டாணி அளவினது, வயிறு உருண்டை, நிறம் பெரும்பாலும் கருமை. வயிற்றின் மேலோ கீழோ செந்நிறக் குறி விளங்கும். ஆண் மிகச் சிறிது, அதனால் தீங்கில்லை. தரையை ஒட்டிய கற்குவியல், கவிழ்த்த சட்டி, பழைய சாக்கு, வரப்புப் புதர் முதலியவற்றில் ஒழுங்கில்லாத வலைகட்டி வாழும். இந்தியாவிலும் இலங்கையிலும் இதன் வகைகள் காணப்பட்டுள. கபில நிறமுடைய மற்றொரு வகை கப்பல் வழியாகவும் சரக்கு வழியாகவும் உலகெங்கும் பரவியது; நம் நாட்டிலும் இந்நூற்றாண்டிற் பல இடங்களில் காணப்பட்டது. நெருஞ்சிக்காய் போல முள்ளுடைய முட்டைப்பை அதன் தனியடையாளம். அதன் கடி கருஞ்சிலந்தியின் கடியினும் மென்மையுடையது.

கருஞ்சிலந்தி கடித்தபொழுது ஊசி குத்தியது போன்ற சிறுநோவே உண்டாம். ஒரு மணி நேரத்துள் அந்நோவு மேலேறிப் பரவும், வியர்வை பெருகும், வயிற்றுத் தசை பலகைபோல் இறுகும், குமட்டலும் நடுக்கமும் தோன்றும். குழந்தைகட்கும் முதியோர்க்கும் இஃது அபாயமாகும். ஆத்திரேலியாவில் இவ்வினத்தின் கடிக்கு 1956 ஆம் ஆண்டு முதல் மாற்று நஞ்சு வழங்கப்படுகின்றது. நம் நாட்டிற் சிலந்திக்கெனத் தனியே மாற்று நஞ்சு செய்யப்படுவதில்லை. வலியைத் தணித்தும் இழுப்பை அடக்கியும் மருத்துவர் காப்பர்.

இத்தாலி நாட்டுத் தரந்தோ என்னும் ஊரில் முற்காலத்திற் சிலந்திக்கடிக்கு மருந்தாக நாட்கணக்கில் இசைகூட்டி ஆடும் வழக்கம் இருந்தது. ஊரார் பழித்தது வயலிலோடும் பெரிய ஓநாய்ச் சிலந்தியை. உண்மைக் குற்றவாளி அவ்வயலிலேயே பதுங்கிய இச்சிறு கருஞ்சிலந்தியாதல் வேண்டும் என்பர் ஆராய்ச்சியாளர். பெரிதைக் கண்டு அஞ்சிச் சிறிதைக் காணாது விடுதல் எந்நாட்டார்க்கும் பொது இயல்பு போலும்.

வீட்டிலும் வயலிலும் உள்ளன

எம்மூர் வீடுகளில் மிகுதியும் அச்சந்தருவது, சுவரில் நண்டுபோற் பக்கவாட்டில் ஓடும் பெரிய கபிலச் சிலந்தி. இது வலைகட்டாது, இரவிற் கரப்பான்பூச்சியை வேட்டையாடும். தாய் தன் முட்டைகளைத் தட்டையான வட்டப்பையில் வைத்து உடலின்கீழ் ஏந்தித் திரியும். அக்காலத்து அதனைப் பிடிக்க முயல்வார் கடியுண்டல் கூடும். ஆயினும் நோவு சிறுபொழுதில் அடங்கும்.

நெல்லோலையையும் சோளத்தாளையும் மடித்து வெண்பட்டுப் பைசெய்து அதனுள் உறங்கும் மஞ்சட் சிலந்தி மற்றொன்று. களையெடுப்போரும், கரும்புச் சோகை உரிப்போரும் இத்தகையவற்றை அறியாது நசுக்கிக் கடியுண்பதுண்டு. எரிச்சலும் வீக்கமும் ஓரிரு நாள் இருந்து மாறும்.

நெல்வயலில் நீர்மட்டத்திற்கு மேல் ஓடித்திரியும் சிறு ஓநாய்ச் சிலந்தியோ நமக்கு நண்பன். பயிரை வாட்டும் புகையானையும் தத்துப்பூச்சியையும் அது நாளும் தின்று குறைக்கின்றது. கண்ட சிலந்தியையெல்லாம் கொல்லும் பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்த வயலில் சிலந்தி முன்னே மாள, புகையான் பின்னே பெருகும் என்பது வேளாண்மை நூலார் கண்ட உண்மை.

பிறர் செய்த தீங்கு

இனி இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவாம். சிலந்தி கடித்தது என்று மழைக்காலத்திற் கூறப்படுவனவற்றுள் நான்கு, சிலந்தியின் செயலே அல்ல.

முதலாவது, விளக்கொளிக்கு வரும் ஒரு சிறு வண்டு. எறும்பு போன்ற நீண்ட உடல். செம்மையும் கருமையும் மாறிவரும் நிறம். பீடிரஸ் என்பது அதன் நூற்பெயர். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்திலோ கையிலோ ஊர்ந்தபோது நாம் நசுக்கினால், அதன் உடல்நீர் தோலிற் பட்டு, ஒருநாள் கழித்துக் கோடுபோன்ற எரிபுண்ணை எழுப்பும். இரவில் விளக்கின்கீழ்ப் படிக்கும் விடுதி மாணவர் இதனை நன்கு அறிதல் வேண்டும். ஊதி அகற்றிச் சோப்பிட்டுக் கழுவுதலே தகும்.

இரண்டாவது, அக்கி. உடலின் ஒருபக்கத்தே வரிசையாகக் கொப்புளங் கொண்டு எழும் இந்நோய், முன்னர் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் விழித்தலால் வருவது. காவிமண் கொண்டு அக்கி எழுதுதல் மனத்திற்கு ஆறுதலாகலாம். கண்ணை அடுத்து எழுந்தாலோ உடனே மருத்துவரை நாடாமை பார்வைக்கே கேடாம்.

மூன்றாவது, உண்ணிக்காய்ச்சல். புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் கண்ணுக்குப் புலனாகா இளங்குஞ்சு கடித்த இடத்தில், வலியில்லாத கரிய பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு, தொடைச்சந்து முதலிய மறைவிடங்களில் அது தோன்றும். இதனைச் சிலந்திப்புண் எனக் கருதிப் பச்சிலை அரைத்துப் பூசுவோர் உளர். பின்னர்க் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்து, காலந் தாழ்த்தின் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிரும் போம். தக்க பொழுதிற் கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் என்னும் விலைகுறைந்த மருந்தே இதனைத் தீர்க்கும். நோய் முற்றியவர்க்கு அதனோடு அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தக்குழாயில் ஏற்றுதல் மேலும் நலம் பயக்கும் என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் தலைமையில் நிகழ்ந்து 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே மழைக்காலத்துக் காய்ச்சலோடு கரும்பொருக்கும் காணப்பட்டால், அதனை மருத்துவர்க்குக் காட்ட மறத்தல் ஆகாது.

நான்காவதே யாவினும் கொடிது, அது கட்டுவிரியன். மழைக்கால இரவில் தரையிற் பாய்விரித்து உறங்குவாரை அது கடிக்கும். கடிவாயில் வீக்கமில்லை, நோவும் மிகச் சிறிதே, பல்லின் குறி ஊசிமுனை அளவே. விழித்தவர், “ஏதோ பூச்சி, எட்டுக்காற்பூச்சியாயிருக்கும்” என்று சொல்லி மீண்டும் உறங்குவர். விடியுமுன் வயிற்றுவலியும், இமை சரிதலும், நாக்குழறலும், மூச்சுத் திணறலும் தோன்றும். பாம்புக்கடிக்கு மாற்று நஞ்சு உண்டு. பொழுது மட்டுமே வேண்டும். அப்பொழுதைச் சிலந்தி என்னும் ஒரு சொல் விழுங்கிவிடுகின்றது. இரவில், கடித்தது இன்னதென்று காணாத கடி யாதாயினும், அதனைப் பாம்புக்கடியாகவே கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

இவற்றோடு செந்தேளையும் நினைவிற் கொள்க. 1798 ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்ட பெப்ரீசியஸ் என்பார் அதனைத் தமுலஸ் என நம் நாட்டுப் பெயராற் குறித்தார். நம் நாட்டுச் சிலந்தி யாதினும் அது கொடியது. குழந்தைகளின் இதயத்தைத் தாக்கிக் கொல்ல வல்லது. மராட்டிய நாட்டு மகாடு என்னும் ஊரின் மருத்துவர் பவாஸ்கர் பிரசோசின் என்னும் மருந்தால் அதனின்று உயிர்காக்கும் முறையைக் கண்டு பரப்பினார்.

கடியுண்டார்க்குச் செய்யத்தக்கன

சிலந்தியே கடித்ததென்பது கண்ணாரக் கண்டதாயின், கடிவாயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. குளிர்நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் வைக்க. கடியுண்ட உறுப்பை அசையாது வைக்க. இறந்த சிலந்தி கிடைத்தால் ஒரு புட்டியிலிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்க. உயிருள்ளதைப் பிடிக்க முயலற்க. கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும், சுடுதலும், சாணமோ சுண்ணாம்போ பூசுதலும் கூடா. தசையிழுப்பு, மிக்க வியர்வை, வயிற்றிறுக்கம், மூச்சுத்தடை, இமை சரிதல் இவற்றுள் ஒன்று காணினும், கடியுண்டது குழந்தையாயினும், பொழுது போக்காது 108 என்னும் எண்ணை அழைக்க. 2022 ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் உளது. மலையூர்களினின்று அங்குச் சேர நெடுநேரம் ஆமாதலின், மந்திரிப்பார் திண்ணையில் ஒருநாழிகை கழிப்பதும் பேரிழப்பேயாம்.

வருமுன் காத்தல்

மிதியடியை உதறிய பின்னரே அணிக. கொடியில் உலர்ந்த ஆடையையும், மூலையிற் கிடந்த சாக்கையும் உதறியெடுக்க. விறகையும் வறட்டியையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கற்க. விறகு எடுக்கையில் கையை உள்ளே நுழையாது மேலிருந்து ஒவ்வொன்றாய் எடுக்க. சோகை உரிப்போர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிதல் நன்று. இரவிற் கட்டிலின்மேற் படுத்துக் கொசுவலையின் விளிம்பைப் பாயின்கீழ்ச் செருகுக. இவ்வொன்றே சிலந்தி, தேள், கட்டுவிரியன், கொசு ஆகிய நான்கினையும் தடுப்பது. வீட்டைச் சுற்றிப் புதரை அகற்றுக. இரவிற் கைவிளக்கின்றி நடவற்க.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றால், நம் பக்கத்துச் சிலந்திகளுள் கருத்தோடு விலகி நடக்கத்தக்கன சிலவே என்பதும், அவையும் நாம் தொடாதவழி நம்மை நாடி வந்து கடிப்பன அல்ல என்பதும், சிலந்தியின் பெயரால் மறைந்து நிற்கும் வேறு தீங்குகளே உயிர்க்கு இறுதி விளைப்பன என்பதும் விளங்கும். காடையாம்பட்டியிற் கண்டறியப்பட்ட அழகிய மரச்சிலந்தி, காடழிதலால் அருகிவரும் உயிர்களுள் ஒன்றாக இன்று எண்ணப்படுகின்றது. அதனைக் கொல்லுதலால் ஒருவரும் பிழைத்தாரில்லை. கடித்தது யாதென்று ஆராயாமையால் இறந்தார் உளர்.

கல்லூரியிற் பயிலும் நம்மிற் பலர் சிற்றூர்களினின்று வந்தவர். விடுமுறையில் ஊர்சேரும்போது, பாட்டியர்க்கும் தாயர்க்கும் தம்பி தங்கையர்க்கும் இச்சிறு செய்திகளைத் தெளிவாகச் சொல்லுதல் நம்மால் இயலும் தொண்டே. காணாத கடிக்குச் சிலந்தி என்று பெயரிட்டு உறங்காதிருக்கும் வீடு ஒன்று மிகினும், நாம் கற்ற கல்வி அவ்வூர்க்குப் பயன்பட்டதாம்.